அணைந்தும் அணையாமலும் எரிந்த அடுப்பு: ஒஸ்லோ வீடொன்றின் புகைபோக்கித் தீ

2022 டிசம்பர் நடுப்பகுதி, சனிக்கிழமை, இரவு 8.40. ஒஸ்லோவின் கிழக்கு விளிம்பில் எங்கள் வரிசை வீடு. வெளியே மைனஸ் 14 பாகை. உள்ளே விருந்தினரோடு சேர்த்து எட்டுப் பேர். முதலில் கேட்டது ஓசைதான். பாரம் ஏற்றிய லாரி ஒன்று சுவருக்குள் புகுந்து மேலே ஏறிப் போவதுபோல் இருந்தது. நான் சலவை இயந்திரம் என்று நினைத்தேன். விமானம் தாழப் பறக்கிறது என்றாள் மனைவி. கணப்படுப்பின் கண்ணாடிக்குள் தீ வழக்கத்தைவிடப் பிரகாசமாக, யாரோ மேலிருந்து உறிஞ்சுவதுபோல் நின்றது. அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருவழியாக நன்றாகப் பற்றிவிட்டது என்றுதான் தோன்றியது.

அழைப்பு மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கோட்டுகூடப் போடாமல் வீட்டுச் செருப்போடு பனியில் நிற்கிறார். பேசாமல் கூரையைக் காட்டினார். புகைபோக்கியின் வாயில் ஆளுயரத்துக்குத் தீ. பொறிகள் சிதறிப் பனியில் விழுந்து அணைந்துகொண்டிருந்தன.

யாருக்கும் காயமில்லை, வீடும் நிற்கிறது. ஆனால் அந்தத் தீ அன்று இரவு 8.40-க்குத் தொடங்கவில்லை. அக்டோபரிலிருந்தே ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நாங்கள்தான் கட்டி வளர்த்திருந்தோம். எப்படி என்பதை எழுதுகிறேன்.

வீடும் விறகும்

2021 இலையுதிர் காலத்தில் இந்த வீட்டை வாங்கினோம். எழுபதுகளில் கட்டியது, செங்கல் புகைபோக்கி, கீழ்த்தளத்தில் கறுப்பு வார்ப்பிரும்புக் கணப்படுப்பு ஒன்று. நோர்வேயில் 1998-க்குப் பிறகு விற்பனைக்கு வந்த புதிய அடுப்புகள் புகையையும் உள்ளேயே எரித்து முடிக்கும் அமைப்புக் கொண்டவை. எங்களுடையது அதற்கு முந்தியது. கீழே ஒரு காற்றுத் திறப்பு, கதவு, புகைக்குழாய், அவ்வளவுதான் அதன் பொறியியல்.

இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரமே சூடு. அந்த ஆண்டு இறுதியில் தெற்கு நோர்வேயில் மின்கட்டணம் எகிறியது. டிசம்பரிலிருந்து அரசு கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு நிலைமை போனது. ஊரே விறகுக்குத் திரும்பியது. முதல் குளிர்காலத்தில் நாங்கள் எரிபொருள் நிலையங்களில் விற்கும் சாக்கு விறகை வாங்கினோம். காய்ந்த பிர்ச் மரம், நன்றாக எரிந்தது, சிக்கல் ஒன்றும் இல்லை. அதனாலேயே இரண்டாம் ஆண்டில் எல்லாம் தெரிந்தவர்கள்போல் நடந்துகொண்டோம்.

2022-இல் சாக்கு விறகின் விலையும் ஏறியது. செப்டெம்பரில் நகருக்கு வெளியே ஒரு தோட்டக்காரரிடம் இழுவைவண்டி நிறைய பிர்ச் விறகை மலிவாக வாங்கினேன். இந்தக் கோடையில்தான் பிளந்தது, இன்னும் கொஞ்சம் காயவேண்டும் என்று அவர் சொன்னார். ‘கொஞ்சம்’ என்ற சொல்லை எனக்கு வசதியாக அளந்துகொண்டேன். வீட்டின் பின்புறம் அடுக்கி, மழை படாமல் இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுகப் போர்த்தினேன். ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தேன் என்பதுதான் இதற்குப் பொருள். விறகடுக்குக்கு மேலே மட்டும் கூரை வேண்டும். பக்கங்கள் திறந்திருந்து காற்று ஊடே போகவேண்டும். அடியில் மண் படாமல் கட்டை வைக்கவேண்டும்.

இதை யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மா அறிந்தே இருந்தார். அங்கே அடுப்புக்கு மேலே பரணில் விறகை அடுக்கி, சமையல் சூட்டிலேயே உலர்த்தி எடுப்பார். இங்கே நவம்பரில் ஒருநாள் விறகுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, “தம்பி, இது புகைகிற விறகு” என்றார். இது நோர்வே மரம் அம்மா, நம்முடைய பூவரசு இல்லை என்றேன். நினைக்கும்போதெல்லாம் கூசுகிறது.

இரவுப் பழக்கம்

வினை செய்தது ஈர விறகு மட்டும் அல்ல. அதைவிடப் பெரிய தவறு இரவில் நடந்தது.

காலையில் எழும்போது வீடு குளிர்ந்திருக்கக் கூடாது, விறகும் மிஞ்சவேண்டும். ஆகவே இரவு 11 மணிக்கு அடுப்பு நிறைய நான்கைந்து பெரிய துண்டுகளை அடைத்துவிட்டுக் காற்றுத் திறப்பை ஏறக்குறைய முழுவதும் மூடிவிடுவேன். தீ அடங்கி, சிவந்து, உள்ளுக்குள் புகைந்தபடி விடியும்வரை கிடக்கும். காலையில் காற்றைத் திறந்தால் மீண்டும் பற்றிக்கொள்ளும். பெரிய சிக்கனம் என்று அதில் பெருமையும் இருந்தது. சிறு தீ பாதுகாப்பானது, பெரிய தீ ஆபத்தானது என்பது எல்லாரிடமும் இருக்கும் எண்ணம். சமையலடுப்பில் அது சரியாக இருக்கலாம். கணப்படுப்பில் நிலைமை நேர்மாறு.

விறகு எரிகிறது என்று சொல்கிறோம். நடப்பது வேறு. சூடு ஏறும்போது விறகிலிருந்து முதலில் நீர் ஆவியாகிறது. பிறகு மரமே சிதைந்து வாயுக்களாக வெளியேறுகிறது. விறகின் எடையில் பெரும்பங்கு இப்படித்தான் போகிறது. நாம் காணும் தீச்சுடர் அந்த வாயு எரிவது. கடைசியில் மிஞ்சும் கரிதான் தணலாக எரிகிறது. வாயு எரியச் சூடும் வேண்டும், காற்றும் வேண்டும். நான் காற்றை அடைத்துவிட்டேன். சூட்டை ஈரம் தின்றுவிட்டது. ஒரு லிட்டர் நீரைக் காய்ச்சி ஆவியாக்க ஏறத்தாழ 0.7 கிலோவாட் மணி வெப்பம் செலவாகும். எங்கள் விறகில் 10 கிலோவுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தது. அடுப்பில் நாள்தோறும் ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் புகைபோக்கிக்குள் ஊற்றியிருக்கிறோம்.

எரியாத வாயு புகையாக மேலே போகிறது. எங்கள் புகைபோக்கியின் மேற்பகுதி சூடில்லாத மச்சு வழியாக, பிறகு வெட்டவெளிக் குளிரில் நிற்கிறது. புகையின் சூடு 120 பாகை அளவுக்கும் கீழே இறங்கினால் அதில் உள்ள தார் உள்சுவரில் படியத் தொடங்கும். குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்துக்கட்டுவது போலத்தான். இங்கே முத்துக்கட்டுவது எரியக்கூடிய பிசின். கிரியோசோட் என்று இதற்குப் பெயர். முதலில் தூளாக, பிறகு செதிலாக, கடைசியில் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புப் பூச்சாக இறுகும். தூளையும் செதிலையும் தூரிகை எடுத்துவிடும். பளபளப்பான பூச்சைத் தூரிகையால் அசைக்க முடியாது.

அடையாளங்கள் எல்லாம் கண்முன்னேதான் இருந்தன. அடுப்புக் கண்ணாடி இரண்டே நாளில் கறுத்தது. காலையில் வீட்டில் புதிதாகத் தார் போட்ட சாலையின் வாடை அடித்தது. கீழ்த்தளத்தில் கரி அள்ளும் சிறு கதவின் ஓரத்தில் தேன்போல் பழுப்பு நீர் வடிந்து காய்ந்திருந்தது. மழைநீர் இறங்குகிறது போலும் என்று துடைத்துவிட்டேன்.

மேசை இழுப்பறையில் ஒரு கடிதமும் இருந்தது. புகைபோக்கியைத் துடைப்பது இங்கே நகராட்சியின் வேலை. துடைக்க வருபவருக்கு நோர்வேஜிய மொழியில் ‘ஃபையர்’ என்று பெயர். ஆங்கிலம் பழகிய காதுக்கு அவர் வருவதே தீ வருவதுபோல் கேட்கும். முன்பெல்லாம் குறைந்தது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று விதி இருந்தது. 2016 முதல் தேவையைப் பொறுத்து என்று மாற்றினார்கள். ஆனால் அவர் பாதுகாப்பாக மேலே ஏறக் கூரை ஏணி அமைத்துக்கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. எங்கள் கூரையில் ஏணி உடைந்திருந்தது. ஏற முடியவில்லை, துடைக்கவில்லை, சரிசெய்துவிட்டுத் தெரிவிக்கவும் என்பதுதான் கடிதத்தின் சாரம். அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை

விருந்தினர் வரும் நேரம், வீடு சூடாகவில்லை. ஈர விறகு வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. புதிதாக வாங்கிய அலமாரியின் அட்டைப்பெட்டிகள் கிடந்தன. அவற்றைக் கிழித்துப் போட்டேன். அதனோடு வந்த மெல்லிய உலர் பலகைகளையும் போட்டேன். காற்றுத் திறப்பு முழுவதும் திறந்ததோடு சாம்பல் தட்டின் கதவையும் கொஞ்சம் விலக்கி வைத்தேன். இரண்டு மாதமாகப் பிசின் படிந்த குழாய்க்குள் முதல்முறையாக நீண்ட தீநாக்கும் பறக்கும் அட்டைத் துண்டும் போயின. பிறகு அந்த லாரி ஓசை.

புகைபோக்கித் தீயில் உள்ளே 1,000 பாகைக்கு மேல் போகும். தீ மேல்நோக்கி இழுக்க இழுக்க அடுப்பு வழியாகப் புதுக்காற்று பாயும், அந்தக் காற்று தீயை இன்னும் ஊதும். ஊதுகுழலை அடுப்பே வாயில் வைத்துக்கொண்ட மாதிரி.

மச்சான் சமையலறையிலிருந்து வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்தார். அந்த ஒரு செயலுக்காக அவருக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டராக விரியும். பழுக்கக் காய்ந்த செங்கல் குழாய்க்குள் அது வெடிப்பதற்குச் சமம். அடுப்புக் கதவு, சாம்பல் கதவு, காற்றுத் திறப்பு மூன்றையும் இறுக மூடச் சொன்னார். மூடினேன். ஓசை கொஞ்சம் தணிந்தது. பிள்ளைகளையும் அம்மாவையும் அவருடைய வீட்டுக்கு அனுப்பிவிட்டு 110-ஐ அழைத்தோம். இங்கே தீயணைப்புக்கு அந்த எண்.

வீட்டில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவிகள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவை பழுதில்லை, புகை அவ்வளவும் குழாய் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது.

தீயணைப்பு வீரர்கள் தண்ணீர்க் குழாயை விரிக்கவே இல்லை. அடுப்பிலிருந்த விறகை இரும்பு வாளியில் அள்ளி வெளியேற்றினார்கள். குழாயில் உள்ளது தானாக எரிந்து தீரட்டும் என்று காவலிருந்தார்கள். ஒருவர் வெப்பம் காட்டும் கேமராவோடு ஒவ்வொரு தளத்துச் சுவராகப் பார்த்துக்கொண்டு மச்சுக்கு ஏறினார். அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார். பழைய ஒளிப்படத் தொகுப்புகள் இருந்த அட்டைப்பெட்டிகளைப் புகைபோக்கியோடு ஒட்டி அடுக்கியிருந்தோம். செங்கலைத் தொட்டிருந்த பக்கம் முழுவதும் அட்டை தேயிலைச் சாய நிறத்துக்கு வந்திருந்தது. விரலால் தொட்டதும் பொடிந்தது. உள்ளே எங்கள் திருமணத் தொகுப்பு இளஞ்சூடாக இருந்தது.

இங்கே செங்கல் புகைபோக்கியின் இரண்டு பக்கமாவது பார்வைக்குத் திறந்திருக்கவேண்டும் என்பது விதி. விரிசல் கண்டால் தெரியவேண்டும் அல்லவா? நாங்கள் மூன்று பக்கத்தை மறைத்திருந்தோம்.

உள்ளங்கையில் வைத்த கரி

திங்கட்கிழமை புகைபோக்கித் துடைப்பாளர் வந்தார். கீழ்க்கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. ஒரு பக்கம் கறுப்புக் கண்ணாடிபோல் மின்னியது, அதில் என் முகத்தின் நிழல்கூடத் தெரிந்தது. மறுபக்கம் சூட்டில் பொங்கிப் பொரிந்து, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் குமிழ்குமிழாக இருந்தது. மின்னும் பக்கம் எரியாமல் மிஞ்சிய பிசின், பொரிந்த பக்கம் எரிந்தது என்றார். பொங்கிய கரி குழாயின் பாதியை அடைத்திருந்தது. தீ இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் புகை வீட்டுக்குள் திரும்பியிருக்கும்.

பிறகு விறகுக் குவியலுக்குப் போனோம். இரண்டு ஊசி உள்ள சிறு ஈரமானியைத் துண்டின் வெளிப்புறத்தில் குத்தினார். 18 சதவீத ஈரம் காட்டியது. 20-க்குக் கீழே இருந்தால் எரிக்கலாம் என்பார்கள், ஆகவே நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். அவர் அதே துண்டைக் கோடரியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்தினார். 31. வெளித்தோல் உலர்ந்திருந்தது, உள்ளே மரம் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. ஈரமானி வைத்திருப்பவர்கள் பலர் பிளக்காமலே அளப்பார்கள். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கேமராவைக் குழாய்க்குள் இறக்கிப் பார்த்ததில் மச்சின் உயரத்தில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தது. அடுப்பைப் பயன்படுத்தத் தடை எழுதிக்கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் மின்சூட்டில்தான் இருந்தோம். சேமித்ததாக நினைத்த காசு முதல் இரண்டு மாத மின்கட்டணத்திலேயே கரைந்தது. கோடையில் கூரை ஏணி போட்டு, புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கி, பழைய அடுப்பை அகற்றிப் புதியது வைத்தோம். பொருத்தியதைத் தகுதி பெற்றவர் சரிபார்த்து நகராட்சிக்கும் தெரிவித்தாயிற்று.

இப்போது எரிக்கும் விதம்

பெரிய துண்டுகள் அடியில், அவற்றின் மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளி, அதற்கும் மேலே தீ. மெழுகுவர்த்திபோல் மேலிருந்து கீழே எரிந்து வரும். இதைக் கண்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அடுப்பைத் தலைகீழாகவா மூட்டுவார்கள் என்று. கீழே மூட்டினால் மேலே உள்ள விறகு ஒரேயடியாகச் சூடேறி வாயுவைக் கக்கும், அதை எரிக்கும் அளவு சூடு அப்போது அடுப்பில் இருக்காது. மேலே மூட்டினால் எழும் வாயு ஒவ்வொன்றும் தீயைத் தாண்டித்தான் போகவேண்டும். இரண்டாம் நாள் அம்மாவே மூட்டினார். புகைபோக்கியில் புகை தெரிகிறதா என்று வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு ஏதும் தெரியவில்லை.

ஒருமுறைக்கு இரண்டு மூன்று துண்டுதான். சுடர் தெளிவாக நிற்கும்வரை காற்றை மூடுவதில்லை. இரவில் அடைத்துவைப்பது அடியோடு நின்றது. கடைசி விறகு தணலாகிச் சுடர் மறைந்த பிறகே திறப்பை மூடுகிறோம். காலையில் வீடு கொஞ்சம் குளிர்ந்திருக்கும். கம்பளி இருக்கிறது.

புதிய அடுப்பு வந்த முதல் வாரத்திலேயே இன்னொரு பாடம் கிடைத்தது. இதைத் தமிழ் வீட்டாருக்கென்றே எழுதுகிறேன். மீன் பொரிக்கும்போது அடுப்பங்கரையின் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் போட்டோம். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உறிஞ்சி மணிக்கு நூற்றுக்கணக்கான கனமீட்டர் காற்றை வெளியே தள்ளும். அந்தக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். புகைபோக்கி வழியாக வந்தது. விறகு போடக் கதவைத் திறந்த மகளின் முகத்தில் புகை அடித்தது. புகை கண்ணுக்குத் தெரிந்ததால் தப்பித்தோம். வெறும் தணலாக இருந்திருந்தால் வந்திருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் முதல் குறிகள், குளிர்நாட்டில் மாலையில் யாருக்குத்தான் அவை இல்லை? கொடைக்கானலிலும் ஊட்டியிலும் விடுதி அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழாமல் போன செய்திகள் வந்திருக்கின்றன. புகையில்லாத கரி என்பதால்தான் அவர்கள் அதை நம்பினார்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்த வாயுவுக்கென்று தனிக் கருவி மாட்டியிருக்கிறது. தாளிக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கும்.

சாம்பலைப் பற்றி நம் மொழியே எச்சரித்து வைத்திருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல் ஆறிக் கிடக்கும்போது உள்ளே தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளி, அதுவும் வெளியே, மரத்தளத்தின்மேல் வைக்காமல் கல்லின்மேல். ஒருமுறை மச்சான் உதவியாகச் செய்கிறேன் என்று அள்ளிக் காகிதப் பையில் போட்டுவிட்டார். பை அவர் கையிலேயே பழுத்தது. பிறகு அந்த வேலையை அவருக்குக் கொடுப்பதில்லை.

கதவைச் சுற்றியுள்ள கயிறு அடைப்பைச் சோதிக்க ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கிறேன். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்றவேண்டும். உள்ளே இருக்கும் காப்புப் பலகைகளில் மயிரிழை விரிசல் வந்தால் பாதகமில்லை, துண்டு பெயர்ந்தால்தான் மாற்றம். கண்ணாடி துடைப்பது அம்மாவின் இலாகா. கடையில் வாங்கிய தெளிப்பான் அலமாரியிலேயே கிடக்கிறது. ஈரச் செய்தித்தாளை மென்சாம்பலில் தொட்டு, பித்தளைச் செம்பு தேய்த்த அதே வட்டக் கையோட்டத்தில் தேய்க்கிறார். இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை தேய்த்தால் போதும். கண்ணாடி சீக்கிரம் கறுத்தால் அன்றே விறகுக் குவியலுக்குப் போய் ஒரு துண்டைப் பிளந்து அளக்கிறேன்.

சென்ற செப்டெம்பரில் துடைப்பாளர் வந்தார். புது ஏணியில் ஏறி, சங்கிலியில் கட்டிய இரும்புக் குண்டையும் தூரிகையையும் இறக்கினார். குழாய்க்குள் அது உரசி இறங்கும் ஓசை கீழே வரை கேட்டது. அடிக்கதவு வழியாக அள்ளியது கால் வாளி: பழுப்புச் சாம்பல் நிறத் தூள், விரலிடையில் தேய்த்தால் ஒட்டாமல் உதிர்ந்தது. அதை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டு அடுத்த கூரைக்குப் போனார்.